அப்பாவின் புதுப் பேச்சு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நாக்கில் பாதியைத்தான் எடுத்தார்கள், காது நன்றாகவே கேட்கிறது.

கதிர்வீச்சு முடிந்துவிட்டது. கட்டி திரும்ப வரவில்லை என்று டாக்டருக்குத் திருப்தி. "நல்லா இருக்கீங்க, போங்க" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். நல்லா இருப்பது இத்தனை சிரமம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

எல்லாச் சாப்பாடும் மிக்ஸியில் அடித்துத்தான். விழுங்கும்போது வாயோரம் ஒழுகும். அதனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறார். நான் உள்ளே போனால் கிண்ணத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறார். உன்னிடம் என்ன ஒளிவுமறைவு, சில நாள் அந்தக் கதவு சாத்தியதும் எனக்கே அப்பாடா என்றிருக்கிறது. அப்புறம் அழுகை வருகிறது.

போன மாதம் டிரைவிங் ஸ்கூல் வேலைக்கு மறுபடி போனார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு வண்டி பழக்கும்போது "பிரேக்" என்று கத்தியிருக்கிறார். அவளுக்குப் புரியவில்லை. இவர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி சுவரில் உரசிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தப் பெண் முதலாளியிடம் போய், "சார் குடிச்சிருக்காரா?" என்று கேட்டாளாம். ஒரு சொட்டுத் தொடாத மனுஷன்! முதலாளி நல்லவர்தான். "கொஞ்ச நாள் வண்டியைத் துடைச்சு, ஆயில் பாத்துக்கிட்டா போதும்ணே" என்றாராம். இதை என்னிடம் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய் அல்லவா? அவராகவே போனை வாங்கி ஏதோ கேட்டார். நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அவர் மனசு நோகக்கூடாது என்றுதான் சொல்லியிருப்பாய். உன்மேல் தப்பில்லை. இங்கேயும் எல்லாரும் அப்படித்தான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அவர் பேச்சு பழகிவிட்டது. அவர் கேட்டது, "எப்பம்மா வருவே?" என்று. போனை என்னிடம் நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

இனிமேல் புரியாவிட்டால் "புரியலைப்பா" என்றே சொல்லு. எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்லுவார். லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். வந்தே தீர வேண்டும் என்று நான் எழுதவில்லை. கேட்டதற்கு ஒரு பதில் மட்டும் அவரிடமே சொல்லிவிடு, கண்ணு. நீ நூறு வருஷம் நன்றாக இருப்பாய்.

உன் அம்மா