கண்டக்டர் ஏறிய படகு

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் இடது குதிகாலில் வந்த கொப்புளத்தை மட்டும் இதில் சேர்க்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன், வேறு என்ன செய்ய முடியும். கால்வாய் ஊர் எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டபோது நல்லா இருந்தது என்று முடித்துவிட்டேன். உன் அப்பா பக்கத்திலேயே நின்றார், அவரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை அது.

பஸ்ஸில் டிக்கெட் மெஷினை மாட்டிவிட்டு கண்டக்டர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து இந்த மனுஷர் பேச்சையே நிறுத்திவிட்டது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் தொண்டை கிழியக் கத்தின ஆள், மூன்று மாதமாக, உப்பு, போதும், கதவைச் சாத்து, இவ்வளவுதான். மற்ற கண்டக்டர்கள் சேர்ந்து வழக்குப் போடுகிறார்கள், வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போடணும், போடாதவருக்கு வேலை திரும்ப வராது என்று டிப்போவிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. இவரோ, வேண்டாம்னு தொரத்துனவங்க வாசல்ல போய் நிக்கணுமா என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன், பிஸ்கட் தின்றுவிட்டுத் தூங்கினார். ஊர் சுற்றினால் மனசு மாறும் என்று நீ எங்களை அனுப்பிவைத்தது சரி. ஆனால் அந்த இரண்டு ஆரஞ்சு மழைக்கோட்டை எதற்குக் கண்ணு வாங்கி அனுப்பினாய்.

ரயிலை விட்டு இறங்கிப் பார்த்தால், அந்த ஊரில் படகில் வேலை செய்கிறவர்கள், படித்துறை கூட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அதே கோட்டு, அதே நிறம். மழை வேறு தூறியது, கழற்றவும் முடியவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு அம்மாள் வந்து பாத்ரூம் எங்கே என்று கேட்டாள், எனக்கும் அதே கேள்வி இருந்ததால் சேர்ந்தே தேடினோம், திரும்பிப் பார்த்தால் பின்னால் பதினாறு பேர். ஒரு பெரிய மனுஷன் குடித்து முடித்த பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு நடந்தார், என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டால் அவருக்குப் போதும். ஓடிப்போய் அவர் முதுகுப் பையிலேயே சொருகிவிட்டேன். பழைய அரண்மனை வாசலில் டிக்கெட்டை நீட்டினால், வேலையாளுங்க பின்பக்கம் போங்க என்றான் காவலாளி. நான் சண்டைக்குக் கிளம்பினேன், உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கமே போனார். அதனால் அரண்மனையில் நாங்கள் பார்த்தது துடைப்பம் வைக்கிற அறையும், அங்கே நின்றபடியே மதியச் சாப்பாடு சாப்பிட்ட மூன்று பெண்களையும்தான். உட்கார நாற்காலி தர மாட்டார்களாம். மேலே நானூறு நாற்காலி, கயிறு கட்டிச் சும்மா கிடக்கிறது.

அப்புறம் படகு. முன்பெல்லாம் படகுக்கு இரண்டு பேராம், ஓட்ட ஒருவர், கயிறு கட்டி ஆளை ஏற்றி இறக்க ஒருவர். மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்பெனி இரண்டாமவரை நிறுத்திவிட்டது. மூன்றாவது படித்துறையில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நிற்க, படகு ஒரு பக்கமாகச் சாய, தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருத்தி நடுவில் மாட்டிக்கொண்டாள். அப்போதுதான் என் காதுப்பக்கம் உன் அப்பாவின் அந்தப் பழைய பஸ் குரல் கிளம்பியது. எறங்கறவங்களுக்கு மொதல்ல வழி விடுங்க, கைக்குழந்தை வருது, சார் உங்களத்தான், உள்ள எவ்வளவு எடம் கெடக்கு, வாசல்லயே நிக்கணும்னு வேண்டுதலா என்று. கூட்டம் அப்படியே பிரிந்தது. படகோட்டி ஆரஞ்சு கோட்டைப் பார்த்துவிட்டு அழாத குறையாக, வந்துட்டீங்களாண்ணே, ஆறு மாசமா மனு எழுதிப் போட்டேன், இப்பதான் அனுப்பினாங்களா என்றார். இல்லை என்று உன் அப்பா சொல்ல வேண்டாமா. கயிற்றை அவிழ்த்துவிட்டு, போலாம் ரைட் என்றார்.

நான்கு சுற்று கண்ணு. அதே பாலம், அதே மணிக்கூண்டு, நான்கு தடவை. படியில நிக்காதீங்க என்று ஒரு வெள்ளை மீசைக்காரரைத் திட்டினார், படகில் படியே கிடையாது. கைகோத்து உட்கார்ந்திருந்த புதுக் கல்யாண ஜோடியைப் பிரித்து, லேடீஸ் இந்தப் பக்கம் என்று உட்கார வைத்தார். நான்காவது சுற்றில் கம்பெனி செக்கர் ஏறி இவர் யார் என்றார். நீங்க அனுப்பின ஆள்தானே என்றார் படகோட்டி. நாங்க யாரையும் அனுப்பலையே என்றார் செக்கர். உன் அப்பா நிதானமாகத் தன் டிக்கெட்டை எடுத்துக் காட்டி, நான் பாசஞ்சர்தான், ஆனா இவர் ஒருத்தரே ஓட்டவும் கட்டவும் முடியாது, நாளைக்கு ஒரு குழந்தை தண்ணியில விழுந்தா மெஷினா குதிச்சுத் தூக்கும், அத எழுதிக்குங்க என்றார். செக்கர் எழுதவில்லை, அடுத்த படித்துறையில் எங்களை இறக்கிவிட்டார். அங்கிருந்து ரயிலடிக்கு நாலு கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் உன் அப்பா பேசினார். பேச மாட்டாரா என்று மூன்று மாதம் ஏங்கின நானே, ரெண்டு நிமிஷம் வாய மூடுங்க, கால் வலிக்குது என்றேன். உன் காலுக்கும் என் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அதையும் ஒரு கிலோமீட்டர் பேசினார். ரயில் கிளம்பின பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே, கடைசி நாள் வியாழன்தானே என்று கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன், கூட ஒரு வார்த்தை பேசினால் கெட்டுவிடும் என்று பயம்.

வியாழன் காலை ஆறு மணிக்கே டிப்போவுக்குப் போனவர் மூன்று மணிக்குத்தான் வந்தார். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்றேன். எல்லோரும் மேசையைச் சுற்றி மொய்த்துக்கொண்டு நின்றார்களாம், அத்தனை பேரும் கண்டக்டர்கள், அத்தனை பேரும் அடுத்தவனை உள்ளே போ, உள்ளே போ என்று கத்தினார்களாம், ஒருத்தரும் நகரவில்லையாம். இவர்தான் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராக அனுப்பினாராம். மொத்தம் நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து, இவருடையது கடைசி. எல்லாரையும் ஏத்திவிட்டுத்தானே நான் ஏறணும் என்றார்.

விசாரணை அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, மறந்துவிடாதே. அன்றைக்குக் காலையிலேயே போன் செய்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடு, மாலையில் செய்தால் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்க முடியாது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தரும் உங்களைப் பின்வாசலுக்கு அனுப்பாத இடத்தில் நிறைவாக வாழவேண்டும்.

அன்புடன்,
உன் அம்மா