காரணமின்றி என்ற ஒரு வார்த்தை

அன்புள்ள சண்டிக்கு, பாட்டி எழுதிக்கொள்வது.

நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த மாதம் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓடுகிறார்கள். பெரியவன் வக்கீல் பரீட்சையில் முதல் வகுப்பு. அதோடு விட்டானா, 'தனிமனித சுதந்திரம்' என்று முப்பது பக்கம் எழுதித் தங்கப் பதக்கமும் வாங்கிவிட்டான். உன் டாக்டர் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் மனிதநேயத்துக்கென்று கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். நோயாளிகளிடம் சிரித்துப் பேசுகிறாளாம். கேடயம் கொடுக்கிற அளவுக்கு அது அபூர்வமாகிவிட்டது போலிருக்கிறது. நெட்டையன், தனிமையில் வாடுகிறவர்கள் பேசுவதற்கென்று போனில் ஒரு ஆப் செய்து கம்பெனியில் பெரிய பதவிக்குப் போய்விட்டான். கடைக்குட்டி நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவது. அவன் ஒருவன்தான் காலால் ஜெயித்தான், மற்றவர்களெல்லாம் வாயால். இவர்களைப் பெற்ற உன் பெரியப்பன் காலேஜ் முதல்வர் வேலையும் பார்த்துக்கொண்டு, சமத்துவத்தைப் பற்றி இந்த மாதம் மட்டும் நாலு மேடையில் பேசினான்.

எனக்குப் பெருமைதான். இல்லை என்று எழுதினால் பொய். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவர்கள் காது புளித்துப் போயிருக்கும்.

நெட்டையன் அந்த ஆப்பை என் போனிலும் ஏற்றிக் கொடுத்தான். அவன் என்னோடு பேசி நாலு மாதம் ஆகிறது, அதனால் இது பேசட்டும் என்று விட்டேன். ஒரு பெண் குரல், இன்று எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டது. முழங்கால் வலி என்றேன். அதைக் கேட்டு வருந்துகிறேன் என்றது. வருத்தமாக இருந்தால் எழுந்து வந்து அந்தத் தைலத்தை எடுத்துக் கொடு என்றேன். மறுபடியும் வருந்துகிறேன் என்றது. அச்சு அசல் நம் வீட்டு ஆள்தான் என்று அணைத்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் இருந்திருக்க வேண்டியது வேறு. உன் பெரியப்பன் ஒரு தாளில் டைப் அடித்துக் கொண்டுவந்து, "இதைப் பாத்து அப்படியே எழுதிடுங்கம்மா, நீங்க சொன்னா மட்டும்தான் அவ கேப்பா" என்று கொடுத்தான். ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துக்கூட்டிப் பார்த்து வரைந்துவிடுவாள், அர்த்தம் எங்கே புரியப்போகிறது என்று நினைப்பு. முதல் வரியே 'என் கண்ணே' என்று இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் உன்னை என்றைக்காவது கண்ணே என்று கூப்பிட்டதுண்டா? அப்படியே எழுதியிருந்தால் பாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீ பயந்திருப்பாய். அடுத்த வரி, 'குடும்ப கௌரவத்தை மனத்தில் கொண்டு முதிர்ச்சியுடன் சிந்தித்து'. அதற்கு மேல் என் பேனா நகரவில்லை.

உனக்கு வருகிற கடிதங்களைச் சிறை அதிகாரி பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பாராம். அதிகாரி ஐயா, கதை தெரியாமல் நடுவில் வந்து படிக்கிறீர்களே என்பதால் இந்த நாலு வரி உங்களுக்கு. என் பேத்தி துணி தைக்கிற கம்பெனியில் இருந்தாள். வேலை நேரத்தில் யாரும் வெளியே போகக்கூடாது என்று தையல் கூடத்தைப் பூட்டி வைப்பார்கள். ஒரு நாள் பக்கத்து மெஷின் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. சாவி வைத்திருந்த சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தான். இவள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பின்முற்றத்துக் கதவில் உள்பக்கம் தொங்கிய பூட்டை இஸ்திரிப் பெட்டியால் உடைத்தாள். சத்தம் கேட்டுத் தடுக்க ஓடிவந்த அந்தச் சூப்பர்வைசருடைய கட்டைவிரல் நசுங்கியது. அதற்குத்தான் உங்களிடம் இருக்கிறாள். திருடவில்லை. இனி மேலே படியுங்கள்.

ஜாமீன் கொடுத்தால் தன் பெயர் கோர்ட்டுப் பேப்பரில் ஏறிவிடும் என்று உன் பெரியப்பன் ஒதுங்கிக்கொண்டான். சுதந்திரத்துக்குப் பதக்கம் வாங்கியவன், சொந்தக்காரர் வழக்கில் தலையிடுவது தொழில் தர்மம் இல்லை என்றான். இப்போது டாக்டருக்கு ஒரு பெரிய இடத்துச் சம்பந்தம் வந்திருக்கிறது. அவர்கள் பெண் பார்க்க வருவதற்குள் உன்னை வெளியே கொண்டுவந்து எங்காவது தூரத்தில் அனுப்பிவிட வேண்டும் என்று திடீரென்று எல்லோருக்கும் உன் மேல் பாசம் பொங்குகிறது. நீ ஒரு மன்னிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டால் கம்பெனிக்காரர்கள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், போட்டுத் தொலை என்று எழுதத்தான் நானும் இருந்தேன். ஒரு கையெழுத்துதானே, பிள்ளை வீட்டுக்கு வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். தாளை வாங்க உன் பெரியப்பன் கம்பெனிக்குக் கிளம்பியபோது, மேனேஜரிடம் கையெடுத்துக் கும்பிடவும் தயாராகக் கூடவே போனேன்.

மேனேஜர் அறையில் நல்ல குளிர். 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று பொன்னெழுத்தில் மாட்டியிருக்கிறான். நம் குடும்பத்தைப் பார்த்தவள் என்பதால் நம்பினேன். டீ கொடுத்தார்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் எனக்கு அவசரம். ஆபீஸ் கழிப்பறை ரிப்பேர் என்று சொல்லி, தையல் கூடத்தைத் தாண்டிப் பின்முற்றத்துக்குப் போகச் சொன்னார்கள். உன் சூப்பர்வைசர்தான் கதவைத் திறந்து உள்ளே விட்டான். கட்டைவிரல் நன்றாகத்தான் இருக்கிறது, அதை வைத்துத்தான் போனை உருட்டிக்கொண்டு வந்தான். நான் உள்ளே போனதும் பழக்க தோஷத்தில் வெளியே பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். முற்றத்துக் கதவிலும் பூட்டு. நீ உடைத்ததைவிடப் பெரிய பூட்டு, புத்தம் புதிது.

முப்பத்தெட்டுப் பெண்கள். நடந்ததைச் சொல்ல ஒருத்திகூட ஸ்டேஷன் படி ஏறவில்லையே என்ற எரிச்சலில் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றேன். அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்தி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். "அவ பாட்டிதானே நீங்க? அதே மூக்கு. நல்லா இருக்காளா?" என்று மெஷினைப் பார்த்தபடியே கேட்டாள். அன்றைக்குப் பிறந்த குழந்தை பெண்ணாம், நலமாம். அதற்கும் நாற்பத்தொரு நாள், உனக்கும் அங்கே நாற்பத்தொரு நாள்.

கதவைத் தட்டினார்கள், யாரும் வரவில்லை. அரை மணி ஆயிற்று. எழுபத்தாறு வயது உடம்பு யார் சாவிக்கும் காத்திருக்காது. அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரமாக எழுதமாட்டேன். ஒருத்தி வாளி கொண்டுவந்தாள். நாலு பேர் எழுந்து, தைத்துக்கொண்டிருந்த துணியை விரித்துப் பிடித்து, எனக்கு முதுகு காட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். மற்றவர்கள் எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதென்று எல்லா மெஷினையும் ஒன்றாக ஓட்டிச் சத்தம் போட்டார்கள். முடிந்ததும் ஸ்டூல் போட்டவளே வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். கேடயம் வாங்கிய உன் அக்கா என் கால் வீக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறவள். இவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. ஆனால் சண்டி, அப்பேர்ப்பட்ட மனசு இருந்தும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்களே, அதை நினைத்தால் அவர்கள் மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை.

சூப்பர்வைசர் சாப்பிட்டு வந்து கதவைத் திறந்ததும், மேனேஜரிடம் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். 'காரணமின்றிப் பூட்டை உடைத்தேன்' என்று இருந்தது. இந்த ஒரு வார்த்தையை அடித்துவிடுங்கள், மற்றதற்கெல்லாம் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு என்றேன். அவன் சிரித்தான். "அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பாட்டி இந்தப் பேப்பரே" என்றான். உன் பெரியப்பன் என் கையைப் பிடித்து, "ஒரு வார்த்தைக்காக எதுக்கும்மா அடம்? மன்னிப்புன்னா எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க" என்றான். ஊர் ஊராக வார்த்தையை விற்றுப் பிழைக்கிறவனுக்கு ஒரு வார்த்தை இவ்வளவு மலிவு.

காரில் வரும்போது வாளி விஷயத்தை அவனிடம் சொன்னேன். அம்மாவைப் பூட்டி வைத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்பான் என்று எதிர்பார்த்தேன். "இதெல்லாம் வெளியே சொல்லாதீங்கம்மா, அசிங்கம்" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்குக்குச் சமக்குறி போடும்போது ஒரு கோடு நீண்டு ஒரு கோடு குறுகினால் வாத்தியார் விரலிலேயே அடிப்பார். உன் பெரியப்பனை அவரிடம் படிக்க வைக்காமல் போனேன். தன் பிள்ளைகளுக்குக் காலேஜ், தாய் தகப்பன் இல்லாத உனக்குத் தையல் மெஷின். அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த முப்பத்தெட்டுப் பேரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

பதினெட்டுப் பேர் படுக்கிற அறையில் தனியாக இருக்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இங்கே வீட்டில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு, எல்லாம் உள்ளே தாழ்ப்பாள். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் கதவு மட்டும்தான் திறந்து கிடக்கிறது.

அரசாங்கம் உனக்கு வைத்துக் கொடுத்த அந்த வக்கீல் பெண்ணிடம் நேற்று பேசிவிட்டேன். பூட்டு இன்னும் தொங்குகிறது, நானே உள்ளே மாட்டிக்கொண்டேன் என்று கோர்ட்டில் சொல்ல வருகிறேன் என்றேன். "வாளி வரைக்கும் கேப்பாங்கம்மா, எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்று தயங்கினாள். சொல்கிறேன் என்றேன். நான் எவ்வளவு வீம்புக்காரி என்று உனக்குத் தெரியும், அதனால் இதற்கு மேல் எழுதவில்லை. பன்னிரண்டாம் தேதி வாய்தா. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மேஜையில் எனக்கு இடம் இருக்காது, சாப்பாட்டுத் தட்டு என் அறைக்கு வரும், அவ்வளவுதானே.

ஆனால் அதற்காக நீ அங்கேயே கிடக்க வேண்டும் என்று இல்லை. உன்னால் முடியவில்லை என்றால் போட்டுவிட்டு வா. ஏன் போட்டாய் என்று ஒரு நாளும் கேட்கமாட்டேன், வேறு யாராவது கேட்டால் என் கையில் கரண்டி இருக்கும். போடுவதும் போடாததும் உன் இஷ்டம். எது செய்தாலும் காரணம் இருந்தது என்பதை மட்டும் உனக்குள் அடித்துவிடாதே.

நன்றாகச் சாப்பிடு. பக்கத்தில் படுக்கிறவளோடு சண்டை போடாதே. நீ நூறு வயது இருக்க வேண்டும், அதில் பாதியாவது கதவு திறந்திருக்கிற வீட்டில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு வேலை சொல்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று உன் பெரியம்மா ஹாலில் இருந்த உன் படத்தைக் கழற்றி, ஆணியையும் பிடுங்கி, ஓட்டையில் பற்பசை வைத்து அடைத்துவிட்டாள். படத்தை எங்கே வைத்தாள் என்று கேட்டால் ஞாபகம் இல்லையாம். நான் அதே இடத்தில் வேறு ஆணி அடித்துவிட்டேன், சுத்தியலையும் என் அறையில் வைத்துக்கொண்டேன். உள்ளே வருகிறவர்களை நம்பர் பலகை பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுப்பார்களாமே, அதில் ஒன்று தருவார்களா என்று கேள். முகத்தை உர்ரென்று வைத்திருந்தாலும் பரவாயில்லை, பலகை தெரிந்தாலும் பரவாயில்லை. பழைய படம் எனக்கு வேண்டாம். இப்போது நீ எப்படி இருக்கிறாயோ அப்படி ஒரு படம், சீக்கிரம் தபாலில் போடு.

இப்படிக்கு,
அதே மூக்குள்ள உன் பாட்டி