மீன்காரி என்று நீ வைத்த பெயர்

கண்ணு,

இன்று காலையில் கெளுத்தி முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. மதியத்துக்குள் விரல் சிவந்து வீங்கிவிட்டது. அமுக்கிப் பார்க்கப் போனவள், உன் ஞாபகம் வந்து கையை எடுத்துவிட்டேன்.

கிண்டியில் ஆராய்ச்சி வேலை முடிந்ததும் நேராக சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு வந்து என் மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்காருவாயே. ஒருநாள் இதே மாதிரி முள் குத்தி வீங்கியபோது, "அமுக்காதம்மா, வந்தவங்க வேல செய்யட்டும்" என்றாய்.

"யாருடி வந்தது?"

"ரத்தத்துல ஓடுற வெள்ளையணுங்க. கிருமி உள்ள பூந்தா அத்த வெட்றதுக்குத் தோல்லயே பெப்டைடுன்னு ஒண்ணு ஊறும். வெட்றதோட நிக்காது. வெள்ளையணுங்களையும் அந்த எடத்துக்கு இஸ்துக்கினு வரும். அதுங்க வந்து குமியறதுதான் இந்த வீக்கம்."

"எங்க வரணும்னு அதுங்களுக்கு யாரு அட்ரஸ் குட்த்தது?"

அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வந்து நின்ற பூனையைக் காட்டினாய். "இதுக்கு யாரு குட்த்தாங்க? வாசன எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கமா வந்துக்கினே கீது. அதே கததான்."

அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாய். "வெட்டவும் வெட்டுது, கூவி ஆளையும் கூப்புடுது. உன்ன மாதிரியே கீதும்மா."

அன்றிலிருந்து நம் வீட்டில் அந்தப் பெப்டைடுக்கு மீன்காரி என்றே பெயர். நீ வந்ததும், "இன்னாடி, மீன்காரி இன்னிக்கி இன்னா சொன்னா?" என்று கேட்பேன். பாதி புரியாது. நீ பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு உன் ரத்தத்திலேயே நோய் வந்தது. மருந்து ஏற ஏற வெள்ளையணுவே இல்லாமல் போய்விட்டது என்றார்கள். உதட்டோரம் ஒரு சின்னப் புண். அதில் பிடித்த காய்ச்சல் இறங்கவில்லை. ஆனால் புண் சிவக்கவில்லை, வீங்கவில்லை, சீழும் வைக்கவில்லை. எனக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. "வீக்கமே இல்லடி, ஆறிடும்" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "மீன்காரி கூவிக்கினுதாம்மா கீறா. வர்றதுக்குத்தான் ஆளு இல்ல." அதையும் சிரித்தபடி சொல்லப் பார்த்தாய்.

நீ போன பிறகும் மார்க்கெட்டில் கூவுகிறேன். பாதியில் நிறுத்திவிடுகிறேன். பக்கத்துக் கூடைக்காரி எனக்கும் சேர்த்துக் கூவுகிறாள்.

விரல் விண் விண் என்று தெறிக்கிறது. எனக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள், கண்ணு. நான் அமுக்கவில்லை.