ஊசி போகாத முன்பக்கம்

ஆரையம்பதி வேன்காரர், என் அன்பு அப்பாவுக்கு,

இன்று ஒரு நல்ல செய்தி. உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கொழும்புக்கு வேன் ஓட்டிய நாட்களில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் சிறுநீரை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றீர்கள். இறங்கினாலும் சரியாகப் போகவில்லை என்பதை மட்டும் எங்களிடம் சொல்லவே இல்லை. கடைசியில் புரஸ்டேட் சுரப்பியில் ஊசி போட்டுச் சோதிக்கச் சதை எடுத்தார்கள். “ஒண்டுமில்லையாம் புள்ள, வயசுக்கு வாற வீக்கமாம்” என்று சிரித்துக்கொண்டு வந்தீர்கள். அடுத்த வருடம் புற்றுநோய் முதுகெலும்பில் இருந்தது; அதோடு எங்களை விட்டுப் போனீர்கள். அந்த ஊசி பின்பக்கத்தில்தான் குத்தும். உங்கள் கட்டி முன்பக்கத்தில் இருந்ததோ?

இப்போது அதைத் தேடுவதுதான் என் வேலை. கொழும்பில் எம்.ஆர்.ஐ. படம் பார்க்கும் டொக்டர் நான். ஒரே சுரப்பியை மூன்று விதமாக எடுத்து ஒப்பிடுகிறேன். முதல் படம் அமைப்பைத் தெளிவாகக் காட்டும். ஆனால் பழைய இரத்தக்கசிவும் கட்டியும் அதில் ஒரே கறுப்பு. மருந்து ஏற்றி எடுத்தால் இரத்தம் வேகமாகப் பாயும் இடம் மின்னும். சிலவேளை வெறும் வீக்கமும் மின்னும். மூன்றாவது படம் நீரின் அசைவைப் பார்ப்பது. புற்றுநோய் உயிரணுக்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் நீர் அசையாது. அசைவு குறையக் குறைய, கட்டி மூர்க்கமானதாக இருக்கும் சந்தேகமும் கூடும்.

சென்ற மாதம் காத்தான்குடித் துணிக்கடைக்காரர் ஒருவர் வந்தார். இரண்டு தடவை ஊசி போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. இரத்தப் பரிசோதனை எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. முதல் படத்தில் முன்பக்கம் ஒரு நிழல். “ஊசி போட்ட இரத்தக்கசிவுதான்” என்றார் எங்கள் பிரிவுத் தலைவர். மருந்துப் படமும் முடிவு சொல்லவில்லை. மூன்றாவதில் நீர் அங்கே அசையாமல் நின்றது.

“சேர், ஊசி அந்தப் பக்கம் போகவே இல்ல. பிறகெப்படி அங்க கசியும்? முன்பக்கம் ஒருக்கா சதை எடுத்துப் பாப்பம்” என்றேன். அவர் படத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு, “சரி, எழுதுங்க” என்றார்.

இன்று முடிவு வந்தது. புற்றுநோய்தான், மூர்க்கமான வகை. ஆனால் சுரப்பிக்கு வெளியே பரவியதாகத் தெரியவில்லை, வெட்டி எடுக்கலாம்.

“அப்ப நான் பிழைப்பனா மகள்?” என்று கேட்டார் துணிக்கடைக்காரர்.

“நேரத்தோட புடிச்சிட்டம். நம்பிக்கையா இருங்க.”

“உங்களப் பெத்தவருக்கும் அல்லாஹ்விடம் துஆ கேப்பன்” என்றார். உங்களைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

தம்பிக்கு நாற்பத்தைந்து ஆகிறது. அப்பாவுக்கு வந்தது அவனுக்கும் வரலாம் என்று போனில் சொன்னேன். “எனக்கு ஒண்டுமில்லக்கா, வெள்ளத்தில பாதை வேற பூட்டு” என்கிறான். பாதை திறக்கிற அன்றே ஊருக்கு வருவேன். அவன் சொல்ல வெட்கப்படுவதை முகத்துக்கு நேரே கேட்பேன்; கையோடு கூட்டியும் வருவேன். இவனை விடமாட்டேன் அப்பா.

உங்கள் மூத்த புள்ள