அம்மா கழுவிவிட்ட தூசி

கம்பம்
9.8.2009

அன்பு மகள் நிலோபருக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் நலம். அப்படி எழுதாமல் தொடங்கினால் நீ பதறிப்போவாய் என்பதால் எழுதுகிறேன். ஆகஸ்டிலும் குளிரும் அந்தத் தூர தேசத்தில் நீ நலமாக இருக்க துஆ செய்கிறோம். நீ அனுப்பிய படம் கிடைத்தது. தட்டைப் பக்கவாட்டில் பார்ப்பது போல ஒரு கேலக்ஸி, குறுக்கே கருப்பாக ஒரு பட்டை. கருப்பாக இருப்பதால் அங்கே ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள் அத்தா, பின்னால் வெளிச்சம் இருக்கிறது, தூசிதான் மறைக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு பொய் கேலக்ஸி செய்து, அதில் தூசியைக் கூட்டியும் குறைத்தும், டெலஸ்கோப் படத்தோடு ஒத்துப்போகும் வரை விடாதாம். ஆளே வேண்டாமாம். ஆள் வேண்டாத வேலைக்கு உனக்கு எதற்குச் சம்பளம் என்று நான் கேட்கவில்லை, உன் மாமா ரஃபிதான் கேட்டார்.

நாங்கள் இங்கே கம்ப்யூட்டர் இல்லாமலே தூசி செய்கிறோம். மலையடியில் கல் உடைக்கும் கிரஷர் வந்ததிலிருந்து நம் திராட்சைப் பந்தலில் பச்சையே தெரியவில்லை. வியாபாரி கொத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போகிறான். மனு மேல் மனு போட்டு, ஒருவழியாகப் போன புதன்கிழமை ஆபீசர்கள் பார்வையிட வந்தார்கள். அவர்கள் வருமுன் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? விருந்தாளி வருகிறார்கள் என்று வாசலைக் கழுவினாள். அத்தோடு விட்டாளா? நான் பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் தோட்டத்து ஒச்சாண்டியைக் கூப்பிட்டு, மருந்தடிக்கும் மோட்டாரில் தண்ணீர் ஊற்றி, பந்தல் முழுவதையும் கழுவ வைத்துவிட்டாள். ஏன் லத்திபா இப்படி என்றால், "வாரவுக இம்புட்டு அழுக்கப் பாத்தா நம்மள என்ன நெனப்பாக" என்கிறாள். கிரஷர்காரனும் அன்றைக்கு மட்டும் மெஷினை நிறுத்தியிருந்தான். ஆபீசர்கள் நெய்ச்சோறு சாப்பிட்டார்கள், தோட்டம் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள், தூசி இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. மகள் ஆகாயத்துத் தூசியை எடை போடுகிறாள், அம்மா வீட்டுத் தூசியைக் கழுவிவிட்டு நிற்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தீர்களா என்று எனக்குச் சந்தேகம்.

இலையைக் கழுவியவள் நெஞ்சை எப்படிக் கழுவுவாள்? ஆபீசர்களுக்கு டீ கொடுக்கும்போதே இருமல் வந்துவிட்டது. முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அதையாவது அவர்கள் கேட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். நோன்பு வருவதற்குள் டாக்டரிடம் காட்டலாம் என்றால் வர மறுக்கிறாள். "பிள்ளைக்கு மட்டும் எழுதிப்பிடாதீக" என்று சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மகளே. என் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டாள், நீ சொன்னால் கேட்பாள்.

தொழுகையை விடாதே. கம்ப்யூட்டர் தானாக வேலை செய்யும் நேரத்தில் நீயாவது தூங்கு. அல்லாஹ் உனக்கு ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது என்னிடம் பேசியது போதும், அம்மாவிடம் அதிகம் பேசு. நடுவில் சத்தமே இல்லாமல் போகும். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருப்பாள்.

வஸ்ஸலாம்,
உன் அத்தா
உமர் பாருக்