தானாக நசுங்கிய எலுமிச்சம்பழம்

அரியலூர், 14 நவம்பர் 2003

ஆளில்லாத கார் சரிவில் எவ்வளவு தூரம் நகரும்? பௌதிகம் படித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் சென்னையில் ஏலத்தில் எடுத்த பழைய வெளிநாட்டுக் கார் நேற்று வீட்டுக்கு வந்தது. கூரையை மடக்கிவிடலாம். புதுப்பித்ததில் பளபளக்கிறது. நாளை மாலை பெரம்பலூரில் என் தம்பி மகன் சேகருக்கு மாப்பிள்ளை அழைப்பு. இதில்தான் அவனை உட்கார வைத்து இவர் ஓட்டப்போகிறார்.

இன்று பூசைக்காக முன்சக்கரங்களுக்கு எதிரே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ராகுகாலம் கழியட்டும் என்று எல்லோரும் உள்ளே போனோம். திரும்பி வந்தால் இரண்டும் நசுங்கியிருந்தன. காரில் யாரும் ஏறவில்லை.

"பாத்தியா, சாமியே ஏத்துக்கிச்சு!" என்று இவர் சிரித்தார்.

"ஹேண்ட் பிரேக் சரியாப் புடிக்கலைங்க. வாசல் சரிவா இருக்குல்ல."

"காலேஜ் படிச்சவளுக்கு எதுலயும் ஓட்டைதான் தெரியும்."

கேட்டுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓய்வில்லாமல் போகின்றன. நாளை ஊர்வலத்தில் காருக்கு முன்னால் மேளக்காரர்கள், குழந்தைகள்... இவர் தூங்கியதும் இரண்டு செங்கற்களைச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள்: காலையில் இவர் செங்கற்களைப் பார்த்துவிட்டு, "இது யாரு வேலை?" என்று காலால் தள்ளினார். கார் மெதுவாக இறங்கிப் போய்க் கேட்டில் முட்டி நின்றது. நல்லவேளை, கேட் பூட்டியிருந்தது.

மாலையில் சேகர் வாடகை அம்பாசடரில் போனான். ஆரத்திக்காக வண்டி நின்றபோது இவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.