காட்டு வளவில் ஒரு வெள்ளி அரைஞாண்

சிவமயம்

இரணைமடு,
ஆடி, 1954

அன்புள்ள நாகேஸ்வரிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. இருமல் விட்டதென்று எழுதியிருந்தீர், எனக்குப் பெரிய ஆறுதல். அக்காவையும் அத்தானையும் சுகம் கேட்டதாகச் சொல்லும். நானும் சுகம்தான். என் சமையலைத்தான் வாயில் வைக்க முடியவில்லை.

குடியேற்றத் திட்டத்தில் தந்த காணியில் கொட்டில் போட்டுவிட்டேன். நமது பழைய வளவுக்குள்ளால் வாய்க்கால் வெட்டப் போகிறார்கள். மாரிக்கு முன் புல்டோசர் இறங்குமாம். பிள்ளையின் எலும்பையாவது எடுத்துப் புதுக் காணியில் வையுங்கோ, அதுவரை அங்கே கால் வைக்கமாட்டன் என்று நீர் சொன்னதை நான் மறக்கவில்லை.

ஆனால் அங்கே இப்போது குசினிச் சுவர் மட்டும்தான் நிற்கிறது. மற்றதெல்லாம் காடு. பாலனைப் புதைத்த இடத்தில் நட்ட பூவரசங் கட்டை பட்டுப்போனதோ, யானை மிதித்ததோ தெரியவில்லை. பிள்ளை கண்ணை மூடிய அதே கிழமை, காய்ச்சலில் கிடந்த உம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தேன். அடையாளம் பார்த்து வைக்க எனக்குப் புத்தி எங்கே இருந்தது?

வவுனியாவில் பழைய இரும்பு வாங்கி விற்கும் மஹ்றூப் நானாவிடம், சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் கண்ணிவெடி தேடிய யந்திரம் ஒன்று இருக்கிறது. நிலத்தடியில் இரும்போ வெள்ளியோ இருந்தால் காதுக்குள் கூவும். பிள்ளையின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்ததே, தண்ணீர் ஊறியதால் குழியும் ஆழமில்லையே என்று எண்ணி அவரைப் போய்க் கேட்டேன். பாவம், மறுநாளே யந்திரத்தோடு லொறியில் வந்து இறங்கிவிட்டார். கிடைத்தபின் சொல்லலாம் என்றுதான் உமக்கு எழுதவில்லை.

சனம் சும்மா இருக்குமா? நாங்கள் ஒல்லாந்தனின் புதையல் தேடுகிறோமாம்! கிடைத்ததெல்லாம் கதவுப் பிணைச்சல், மீன் டின், அரிக்கன் லாம்பின் மூடி. பக்கத்து வளவு கமலாசனி எடுத்துவிட்டாள் என்று நீர் சண்டை பிடித்த தேங்காய் திருவலையும் கிடைத்தது. அவா எடுக்கவில்லை. யந்திரம் கூவும்போதெல்லாம் எலும்பில் பட்டுவிடும் என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால்தான் கிளறினேன்.

அன்று என்னோடு குழி வெட்டிய வீரகத்தி அண்ணை நேற்று வந்தார். விஷயத்தைச் சொன்னேன். “என்ன விசர்க் கதை, அரைஞாண் கொடியோடை ஆரும் புதைப்பினமோ? குளிப்பாட்டேக்கை அறுத்திருப்பினம்” என்றார். மஹ்றூப் நானா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு மரத்தடியில் போய் இருந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டியது நீரும் உமது அம்மாவும். நான் குழியடியில் நின்றேன். துணி சுற்றித்தான் என் கையில் தந்தீர்கள்.

நானா யந்திரத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதை எழுதவே எனக்குப் பயமாக இருக்கிறது. கொடி பிள்ளையோடு போனதென்றால் உடனே ஒரு வரி எழுதும். அறுத்திருந்தால் எழுத வேண்டாம். கடிதம் வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, புல்டோசர் வரும்வரை நான் தேடுவேன்.

நல்லூர்க் கந்தன் உம்மைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடும்.

உம்முடைய,
பரமலிங்கம்